கானாடுகாத்தான் வளவில் ஐந்து கிட்டார்கள்

செப்டம்பர் 12, வெள்ளி

திருச்சியில் காரைக்குடிப் பேருந்தில் ஏறியபோது, கிட்டாருக்குத் தனியாக லக்கேஜ் சீட்டு எடுக்க வேண்டும் என்றார் நடத்துநர். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். "மடியில வச்சா பிள்ளை, மேல போட்டா லக்கேஜ், நீங்களே முடிவு பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு முன்னால் நகர்ந்தார். புதுக்கோட்டை வரை அது பிள்ளையாகவே வந்தது. அங்கே ஏறிய ஒரு பெரியவர், நான் படும் பாட்டைப் பார்த்து, கேட்காமலேயே கிட்டாரின் கழுத்தைத் தம் கைக்கு வாங்கிக்கொண்டு, திருமயம் கோட்டை கண்ணில் படும்வரை அலுங்காமல் பிடித்துவந்தார். இறங்கும்போது, "இதுல நம்ம சங்கீதம் வருமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதில் வரும், எனக்குத்தான் வராது என்று சொன்னேன்.

வெவ்வேறு ஊர்களில் வேலை பார்த்துக்கொண்டு, மேடையேறும் எண்ணம் சிறிதும் இல்லாமல் வீட்டோடு கிட்டார் வாசிக்கிற சிலர் அவ்வப்போது ஓரிடத்தில் கூடுவதுண்டு. ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒன்றைத் தம் சொந்தக் கிட்டாரில் வாசிக்க வேண்டும். அந்தக் கிட்டார் தம் கைக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். வேறு விதிகள் இல்லை. இம்முறை, மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர், தமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தின் பூர்வீக வீட்டை, காரைக்குடிக்கு அருகே உள்ள செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் பேசி வைத்திருந்தார். அவரைத் தவிர, தேவகோட்டையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரும், புதுக்கோட்டையிலிருந்து வங்கி அலுவலர் ஒருவரும், சென்னையிலிருந்து கணினி வேலை பார்க்கும் பெண் ஒருவரும் வந்திருந்தனர்.

விலக்கில் இறங்கி ஊருக்குள் செல்லும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. அகன்ற தெருக்கள், நேர் கோடாகப் போகின்றன. இரு பக்கமும் அரண்மனை அளவு வீடுகள். ஆள் நடமாட்டம்தான் இல்லை. எங்கள் வீடு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடந்தது. முகப்பு, நடுமுற்றம் உள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்வதற்குள், கையிலிருந்த கிட்டாரின் கனத்தை மறுபடியும் ஒருமுறை உணர்ந்தேன். குடும்பத்தார் வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்க, எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் மட்டும் ஒரு சமையற்கார அம்மாவின் துணையோடு பின்கட்டில் இருக்கிறார். "வாங்க, வாங்க. முதல்ல கையக் கழுவிட்டுப் பலகாரம் சாப்பிடுங்க, அப்புறம் தட்டலாம்" என்றார். எங்கள் கலையை அவர் கடைசி வரை 'தட்டுவது' என்றே குறிப்பிட்டார்.

வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வந்தன. சுட்ட எண்ணெய் விரலில் பிசுபிசுக்க, கம்பிகளைத் தொடக் கூடாது என்று ஆசிரியர் எல்லோரையும் தடுத்து, முற்றத்து ஓரத்தில் இருந்த செம்புத் தண்ணீருக்கு அனுப்பினார். சட்னியின் காரம் விரல் நுனியில் தங்கி, கண்ணைத் தொட்டவர்கள் இரண்டு பேர்.

இரவு முதல் கார்டை, அதாவது பல கம்பிகள் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டைப் போட்டபோதுதான் இடம் எப்படிப்பட்டது என்பது தெரிந்தது. சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசி இழைத்த சுவர்கள் கண்ணாடியாக வழவழக்கின்றன. தரை ஆத்தங்குடிக் கல். இந்த இரண்டும் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. வளவின் நடுவில் வானம் திறந்திருப்பதால் கொஞ்சம் மேலே போய்விடுகிறது. மீதி சுற்றுத் தாழ்வாரத்தில் உருண்டுகொண்டே இருக்கிறது. மதுரைக்காரர் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வேகமாக ஸ்ட்ரம்மிங் செய்தபோது ஒரு கார்டு அடங்குவதற்குள் அடுத்தது வந்து மோதி, பாட்டே அடையாளம் தெரியாமல் போயிற்று. ஆசிரியர் ஒற்றை ஒற்றைக் கம்பியாக மெதுவாக மீட்டியபோதோ, வீடே அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தது. அவ்வளவு பெரிய வீட்டில் எங்கே உட்காருவது என்று தேடித் தேடி, கடைசியில் தேக்குத் தூண்களும் மரக் கூரையும் உள்ள முகப்புத் திண்ணையில் குடியேறினோம். கொசு அங்கேதான் அதிகம்.

செப்டம்பர் 13, சனி

காலை இட்லிக்குக் கத்திரிக்காய்க் கோசமல்லி. இதைப் பற்றி நீளமாக எழுதலாம். எழுதினால் கிட்டாரை விட்டுவிடுவேன்.

முறை என்னிடமிருந்து தொடங்கிற்று. என்னுடையது, இந்தியாவில் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர்களில் பலர் முதலில் வாங்குகிற யமஹா எஃப்310. அதில் சிறப்பு ஒன்றும் இல்லை. சுருதி நிற்கும், கழுத்து வளையாது, விழுந்தாலும் தாங்கும். அதில் நான் வாசித்தது 'என் இனிய பொன் நிலாவே'. 1980-இல் வந்த 'மூடுபனி', இளையராஜாவின் 100-ஆவது படம். கையில் கிட்டாரோடு கதாநாயகன் பாடும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தமிழ்நாட்டில் பல பையன்கள் கிட்டார் வேண்டும் என்று வீட்டில் அழுதார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

ஆசிரியருடையது நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார். அவருடைய அண்ணன் பினாங்கில் கடையில் வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்தது. அதில் அவர் வாசிப்பது 'ரோமான்சா' என்னும் ஸ்பானியத் துண்டு. இயற்றியவர் யார் என்று உறுதியாகத் தெரியாத அந்த இசை, 1952-இல் ஒரு பிரெஞ்சுப் படத்தில் நார்சிசோ யேபெஸ் வாசித்ததிலிருந்து உலகம் முழுவதும் பரவிற்று. மேல் கம்பியில் ராகம் நடக்க, கீழே மும்மூன்றாக விரல்கள் உருளும். முதல் பகுதி ஈ மைனர் என்னும் சோகச் சுரவரிசை. இரண்டாம் பகுதி ஈ மேஜருக்கு மாறும்போது இடக்கை விரல்களை அகல விரிக்க வேண்டிவரும். ஆசிரியர் எப்போதும் முதல் பகுதியோடு நிறுத்திவிடுவார். "சோகத்தோட நிறுத்துறதுதான் நல்லா இருக்கு" என்பார். விரல் எட்டவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மதுரைக்காரரின் கிட்டார் கொல்கத்தாவில் செய்த பெரிய உடம்புக்காரி. கம்பிகள், கழுத்தின் குறுக்கே பதிந்த ஃப்ரெட் என்னும் உலோகக் கோடுகளுக்கு வெகு உயரத்தில் நிற்கின்றன; ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் அழுத்த ஆள் பலம் வேண்டும். ஆகவே அவர் கழுத்தின் தலைப்பக்கத்தில், சில கம்பிகளை அழுத்தாமலே விடும் திறந்த கார்டுகளை விட்டு நகர்வதே இல்லை. அவருடைய பாட்டு 'கண்ணே கலைமானே'. கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி இங்கிருந்து தொலைவில்லை என்பதை மூன்று முறை சொல்லிவிட்டு வாசித்தார். சென்னைப் பெண்ணுடையது பக்கத்து வீட்டாருக்கு அஞ்சி வாங்கிய சிறிய பயணக் கிட்டார். அடித்தளக் கம்பிகளில் கனம் கிடையாது. அவள் ஐந்தாம் ஃப்ரெட்டில், கம்பிகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்னும் கவ்வியைப் போட்டு, 'சின்னச் சின்ன ஆசை'யின் மெட்டை உச்சிக் கம்பிகளில் மணி மணியாக உதிர்த்தாள்.

கடைசியாகப் புதுக்கோட்டைக்காரர். அவருக்கு எப்போதும் முன்னுரை உண்டு. கிட்டாரின் முதுகைத் திருப்பிக் காட்டி, "முழு ஈட்டி மரம். நம்ம மலைல விளைஞ்சது" என்று ஆரம்பித்தார். தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் சொல்லப்படும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ரோஸ்வுட் மரத்துக்கும் உலகக் கிட்டார்களுக்கும் உள்ள உறவு உண்மையிலேயே பெரிய கதைதான். 1960-களின் இறுதியில் பிரேசில் தன் ரோஸ்வுட் மரத்தைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தபோது, அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள மார்ட்டின் கிட்டார் நிறுவனம் 1969-இல் இந்திய மரத்துக்கு மாறிற்று, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். 2017 தொடக்கத்தில் இந்த மர வகை முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட, செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு மட்டும் 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. பர்மாவிலிருந்து தேக்கு வந்து இறங்கிய இந்த ஊரின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, நம் மலையிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போன மரத்தைப் பற்றிக் கேட்பது பொருத்தமாகவே இருந்தது. பிறகு 'இளைய நிலா' வாசித்தார். 1982-இல் வந்த அந்தப் பாட்டின் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர், அதைத் தொடாத கிட்டார்க்காரர் தமிழ்நாட்டில் இல்லை, முழுதாகச் சரியாக வாசிப்பவரும் அதிகம் இல்லை. புதுக்கோட்டைக்காரர் முக்கால் பங்கு சரியாக வாசித்தார்.

புரட்டாசி பிறக்க இன்னும் சில நாள்கள் இருந்ததால் மதியம் கோழி வறுவலும் வெண்டைக்காய் மண்டியும் கவுனி அரிசியும் கிடைத்தன. உண்ட மயக்கத்தில் எல்லோரும் தரையில் சாய்ந்தோம். புதுக்கோட்டைக்காரர் மட்டும், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தம் கிட்டாரைக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து படுத்தார். கார் நின்றது நட்ட நடு வெயிலில்.

நான்கு மணிக்கு மேல் எங்கிருந்தோ இடி இறங்கி, அரை மணி நேரம் மழை வெளுத்து வாங்கியது. நான்கு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழும் ஓசையில் பேச்சுக்கூடக் கேட்கவில்லை. மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால், இரும்புக் கம்பி போட்ட கிட்டார்கள் எல்லாம் சுருதி ஏறிக் கிடந்தன. குளிரில் கம்பி இறுகும், ஈரத்தில் மரம் உப்பும், இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன. காரிலிருந்து வந்த கிட்டாருக்கு வேறு கதி. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின்விளிம்பு பலகையிலிருந்து கிளம்பி நின்றது; இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. ஆறு கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. வெயிலில் நிற்கும் காருக்குள் பசை இளகிவிட்டால் அந்த இழுவையை யார் தாங்குவது? கம்பிகளைத் தளர்த்தி வைத்துவிட்டு, அவர் வெகுநேரம் யாரோடும் பேசவில்லை.

அவருக்கு வாசிக்க ஒரு கிட்டார் வேண்டும் என்பதற்காகத்தான் இரவு கருவிகளை மாற்றிக்கொண்டோம். அதன் பிறகு நடந்ததைத்தான் இந்தப் பயணத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கைக்கு ஆசிரியரின் நைலான் கிட்டார் வந்தது. ஓங்கி அடித்தால் அது முனகிற்று. இரண்டு நிமிடத்தில் அவர் கம்பியைத் தட்டும் பிக்கைக் கீழே வைத்துவிட்டு விரலால் வருட ஆரம்பித்தார். என் கிட்டார் சென்னைப் பெண்ணிடம் போனதும், அவள் இதுவரை தொடாத அடிக் கம்பிகளைத் தேடித் தேடி அதிரவிட்டாள். ஆசிரியருக்குக் கிடைத்தது கொல்கத்தாக்காரி. ரோமான்சாவை இரண்டு வரி முயன்றார். விரல் நோகிறது என்று நிறுத்தினார். சற்றுச் சும்மா இருந்துவிட்டு, ஈ மைனர் ஒன்றை மட்டும் தட்டிக்கொண்டு, தம் தாயார் பாடிய தாலாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினார். இத்தனை கூடல்களில் அவர் பாடி நாங்கள் கேட்டதே இல்லை. கட்டையான, நடுக்கமில்லாத குரல்.

ஒவ்வொருவரும் இதுவரை தமக்குப் பிடித்த பாட்டு என்று சொல்லிவந்தது, பெரும்பாலும் அவரவர் கிட்டாருக்குப் பிடித்த பாட்டுத்தான் என்று எனக்கு அப்போது தோன்றிற்று. உயர்ந்த கம்பி மருந்துக்கடைக்காரரைத் திறந்த கார்டிலேயே நிறுத்தியது. சிறிய உடம்பு சென்னைப் பெண்ணை உச்சிக் கம்பிக்கு ஏற்றியது. நாமோ அதை ரசனை என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம். மருந்துக்கடைக்காரர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணதாசனை எந்தக் கிட்டாரும் தமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றார். அதுவும் நியாயந்தான்.

தாலாட்டுக் கேட்டுப் பின்கட்டிலிருந்து எழுந்து வந்த ஆச்சி, தூணில் சாய்ந்து நின்று, "வாத்தியாரே, சுதியக் கொஞ்சம் ஏத்திப் பாடுங்க, குரல் உள்ளயே நிக்கிது" என்றார். சென்னைப் பெண் தன் கேப்போவை எடுத்து மூன்றாம் ஃப்ரெட்டில் மாட்டினாள். விரல் பிடி அதே ஈ மைனர். எழும் ஒலி ஜி மைனர். ஆச்சிக்கு ஆசிரியரின் குரலைவிட அந்தக் கவ்வியின் மேல்தான் ஆச்சரியம். "எங்க அப்பச்சி ரங்கோன்லேர்ந்து ஆர்மோனியம் கொண்டாந்தாக. அதுல சுதி மாத்தணும்னா கட்டைய மாத்திப் புடிக்கணும், விரலெல்லாம் இடம் மாறும். இது நல்லா இருக்கே" என்று வாங்கிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, விலை கேட்டார். இருநூற்றைம்பது ரூபாய் என்றதும், அவ்வளவுதானா என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பசை வாங்கவும் ஆள் தேடவும் காரைக்குடிக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இசைக்கருவிக் கடை பூட்டிக் கிடந்தது. பழம்பொருள் கடைகள் நிறைந்த முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய கதவு நிலைகளைச் செப்பனிடும் ஆசாரி ஒருவர் வேலையில் இருந்தார். கிட்டார் தமக்குப் பழக்கமில்லை என்று சொல்லிக்கொண்டே அதை வாங்கி, முதுகை முட்டியால் தட்டினார். பிறகு வாய்த்துளையில் செல்பேசி வெளிச்சத்தை அடித்து உள்ளே நெடுநேரம் பார்த்தார்.

"ஈட்டின்னு வாங்குனீங்களா சார்?"

"ஆமா."

"வெளிய ஈட்டிதான். உள்ள வேற கட்டை. வெளிய இந்த ரேகை வளஞ்சு போகுது பாருங்க. உள்ள அதே இடத்துல நேரா ஓடுது. மெல்லிசா சீவி மேல ஒட்டிருக்காக."

புதுக்கோட்டைக்காரர் குனிந்து பார்த்தார். நாங்களும் வரிசையாகப் பார்த்தோம். முழுப் பலகையாக இருந்தால் வெளியில் உள்ள ரேகையே உள்ளேயும் தெரிய வேண்டும். தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் அந்தத் துளைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் வியப்பு. அவர் நிமிர்ந்து, "சத்தம் நல்லாத்தானே இருக்கு?" என்று ஆசாரியையே கேட்டார். "சத்தத்துக்கு நான் என்ன சொல்ல? ஒட்டுப் பலகை வெயிலுக்கு வெடிக்காது, அது ஒரு நல்லது" என்றார் ஆசாரி. அந்த ஒரு வாக்கியத்தால் புதுக்கோட்டைக்காரர் முகம் தெளிந்தது.

பிரிட்ஜின் அடியில் பழைய பசையைச் சுரண்டியெடுத்து, புதுப் பசை தடவி, உள்ளே மேற்பலகைக்கு முட்டுக்கொடுக்கத் தேக்குத் துண்டு ஒன்றை அளந்து அறுத்து நிறுத்தினார். துளை வழியாக நுழையக்கூடிய நீண்ட கிளாம்ப் அவரிடம் இல்லை. பக்கத்துக் கடையில் விற்பனைக்கு இருந்த பழைய ஐந்து கிலோ இரும்புப் படிக்கல்லை இரவல் வாங்கி, துணி மடித்து, பிரிட்ஜின் மேல் வைத்தார். நாளை மதியம் வரை யாரும் தொடக் கூடாது. கூலி இருநூறு ரூபாய். முன்பணம் வாங்க மறுத்துவிட்டார்.

கண்ணதாசன் மணிமண்டபத்தில் மருந்துக்கடைக்காரர் விரும்பிய அளவு நேரம் நின்றோம். 1981 அக்டோபரில் கவிஞர் மறைந்தார். 'கண்ணே கலைமானே' இடம்பெற்ற 'மூன்றாம் பிறை' 1982-இல்தான் திரைக்கு வந்தது என்பதை எங்களுக்கு நினைவூட்டினார்.

மதிய உணவுக்குக் காத்திருந்தபோது ஆசிரியர் காரைக்குடி வீணையைப் பற்றிப் பேசினார். சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்னும் சகோதரர்கள் இணைந்து வாசித்தார்கள். மூத்தவர் வீணையை மடியில் கிடத்தாமல் செங்குத்தாக நிறுத்தி வாசித்தவர். இளையவருக்கு 1952-இல் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. வீணையின் இருபத்து நான்கு மெட்டுகளும், அதாவது கிட்டாரின் ஃப்ரெட் போன்றவை, மெழுகின் மேல் பதிந்தவை. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் நான்கைந்து ஸ்வரங்கள் வரை பிடிக்கலாம், கமகம் என்னும் சுர அசைவைக் கொண்டுவரலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரத்தில் அறையப்பட்டது. ஒவ்வொன்றும் சம அரைச்சுர இடைவெளி. கம்பியை இழுத்தாலும் ஒன்று, ஒன்றரை ஸ்வரத்தோடு கை வலித்துவிடும். பேருந்துப் பெரியவர் கேட்ட கேள்விக்கு இவ்வளவு நீண்ட விடை இருப்பது எனக்குத் தெரிந்திருந்தால், திருமயத்தைத் தாண்டியும் அவரை உட்கார வைத்திருப்பேன். ஆசிரியர் சொல்ல வந்தது வேறு: "அதனாலதான் ரோமான்சா வாசிச்சேன். அந்தக் கருவிக்குன்னு எழுதுனத வாசிச்சா கமகம் இல்லையேன்னு ஏக்கம் வராது. ஆனா நேத்து பாடுனப்ப, குரல்ல கமகம் தானா வந்துச்சு. கிட்டார் சும்மா சுதிக்கு நின்னா போதும்போல."

சாப்பாடு நூற்றைம்பது ரூபாய்; நண்டு ரசம் தனிக் கணக்கு. பரிமாறியவர், "சார், கூச்சப்படாதீங்க, இன்னொரு கரண்டி" என்று கேட்டுக் கேட்டு ஊற்றியதெல்லாம் பில்லில் இருந்தது.

திரும்பும் வழியில் ஆத்தங்குடியில் கல் செய்யும் இடம் ஒன்றைப் பார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தைக் கையாலேயே ஊற்றி, மணலும் சிமெண்டும் கொட்டி அடைத்து, பின் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், சூளை கிடையாது. கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வந்துவிடுகிறது. எங்கள் ஒலியைத் திருப்பி எறிந்த குற்றவாளி இதுதான் என்று சென்னைப் பெண் ஒரு கல்லைச் சுண்டிக் காட்டினாள்.

செப்டம்பர் 15, திங்கள்

மதியம் படிக்கல்லை எடுத்துப் பார்த்தபோது பிரிட்ஜ் முழுதாகப் படிந்திருந்தது. கடைத் திண்ணையிலேயே புதுக் கம்பிகள் மாட்டி, ஒவ்வொன்றாகச் சுருதி ஏற்ற, ஆசாரி விளிம்பில் நகத்தை வைத்துச் சோதித்துக்கொண்டே இருந்தார். 'இளைய நிலா'வின் தொடக்கத்தை வாசித்ததும் தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். படிக்கல்லுக்குக் கடைக்காரர் வாடகை கேட்பார் என்று நினைத்தோம், கேட்கவில்லை. புதுக்கோட்டைக்காரர் அதை விலைக்கே வாங்கிக்கொண்டார், அறுநூறு ரூபாய். இன்று அவர் தம் கிட்டாரைப் பற்றி முன்னுரை எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும் நேரத்தில் ஆசிரியருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று: அடுத்த கூடல் வரை இருவரும் கிட்டாரை மாற்றி வைத்துக்கொள்வது. நைலான் கிட்டார் மதுரைக்குப் போகிறது, கொல்கத்தாக்காரி தேவகோட்டைக்கு. கொடுத்து அனுப்பும்போது மருந்துக்கடைக்காரர் பெருந்தன்மையோடு, கம்பி உயரம் தொல்லையாக இருந்தால் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சேடிலை அடியில் தேய்த்துக் குறைத்துக்கொள்ளலாம், தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார். ஆசிரியர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"அதைக் குறைச்சா நான் மறுபடியும் ரோமான்சாவுக்கே போயிடுவேன். அப்படியே இருக்கட்டும்."